மனனம் செய்ததைக் கட்டிப் பாருங்கள்



தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை ஒரு பாடமாகத் தெரிந்தெடுத்த உங்களில் பலரிடம் மூன்று கொப்பிகளாவது இருக்கும். ஒன்று தரவுத்தள முகாமைத்துவத்துக்கு, மற்றொன்று பைதன் செய்நிரலாக்கத்துக்கு, இன்னொன்று வலை விருத்திக்கு. மூன்றும் ஒரே பையில்தான் இருக்கின்றன. ஆயினும் ஒன்றில் உள்ளது மற்றொன்றில் உள்ளதை ஒருநாளும் சந்தித்ததில்லை.

ஒருமுறை என் வகுப்பில் ஒரு மாணவி முதன்மைச் சாவி, அந்நியச் சாவி ஆகியவற்றின் வரைவிலக்கணங்களை ஒரு சொல்லும் பிசகாமல் எழுதித் தந்தாள். "சரி பிள்ளை, உங்கட பள்ளிக்கூடச் சுவர்ப் பத்திரிகையை இணையத்தில போடுறதெண்டால் எத்தனை ரேபிள் வேணும்?" என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "சேர், இது எந்த யூனிற்றில வருகுது?" என்று திருப்பிக் கேட்டாள்.

அவள் கெட்டிக்காரி. பிழை அவளுடையதன்று. அலகு அலகாகப் பிரித்து, குறிப்புச் சொல்லி, கடந்தகால வினாத்தாளைச் செய்வித்து அனுப்பிய என்னைப் போன்றவர்களுடையது. அன்றிலிருந்து எனக்குள் உறுதிப்பட்ட ஒரு கருத்தையே இங்கு உங்கள்முன் வைக்கிறேன்.

எனது கருத்து

உயர் தரம் கற்கும் ஒவ்வொரு மாணவரும் பரீட்சை மண்டபத்துக்குச் செல்லுமுன் ஒரேயொரு சிறிய வலைச் செயலியையேனும் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே கட்டிப் பார்க்க வேண்டும். அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஆக்கங்களை எழுதிச் சேமிக்கவும், புதியது மேலே வரும்படி பட்டியலிடவும், ஒன்றைத் திறந்து வாசிக்கவும், கீழே கருத்துரை இடவும் முடிந்தால் போதும். வலைப்பதிவு எனப்படுவதும் அடிப்படையில் இவ்வளவே. நமக்கு நன்கு பழக்கமான சுவர்ப் பத்திரிகையையே இதற்கு மாதிரியாகக் கொள்வோம்.

இதைக் கட்டுவதற்கு வலைச் செயலிச் சட்டகம் ஒன்றைப் பயன்படுத்துங்கள் என்றும் சொல்வேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சட்டகம் உங்களுக்குப் பதிலாக ஒரு வேலையைச் செய்யும் ஒவ்வொரு இடத்திலும், 'இது எனக்காக எதைச் செய்தது?' என்று கேட்டு விடையை எழுதி வைக்க வேண்டும். அந்த விடைகளே மேற்சொன்ன மூன்று கொப்பிகளையும் ஒன்றாகத் தைக்கும் நூல்.

முதலில் தாளும் பென்சிலும்

கணினியைத் தொடமுன் ஒரு தாளை எடுங்கள். சுவர்ப் பத்திரிகையில் உள்ளவை எவை? எழுதியவர் இருக்கிறார். ஆக்கம் இருக்கிறது. கவிதை, கட்டுரை, அறிவியல் எனப் பிரிவுகள் இருக்கின்றன. வாசித்தவர்களின் கருத்துரைகள் இருக்கின்றன.

ஒருவர் பல ஆக்கங்களை எழுதலாம். ஓர் ஆக்கத்துக்கு ஒரே எழுத்தாளர். ஆகவே இது ஒன்றுக்குப் பல உறவு. அந்நியச் சாவி ஆக்கங்களின் அட்டவணையில் இருக்க வேண்டுமா, எழுத்தாளர் அட்டவணையில் இருக்க வேண்டுமா? எழுத்தாளர் அட்டவணையில் வைக்க முயன்று பாருங்கள். ஒருவர் மூன்றாவது ஆக்கத்தை எழுதியதும் அதைக் குறிக்க இடமின்றித் தடுமாறுவீர்கள். 'பல' இருக்கும் பக்கத்திலேயே அந்நியச் சாவி இருக்க வேண்டும் என்ற விதி அப்போது மனனமாக அன்றி அனுபவமாக உங்களிடம் தங்கும்.

இனிப் பிரிவுகள். ஒரு கட்டுரை 'சுகாதாரம்', 'சூழல்' என்ற இரு பிரிவுகளிலும் அடங்கலாம். ஒரு பிரிவில் பல கட்டுரைகள் இருக்கலாம். இது பலவுக்குப் பல உறவு. இதற்கு மூன்றாவது அட்டவணை ஒன்று ஏன் தேவை என்பதையும் தாளில் கீறிப் பார்த்தே கண்டுகொள்ளுங்கள். இவ்வளவுக்கும் மின்சாரம்கூடத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டில் கணினி இல்லையென்பது வேலையின் இந்தப் பாதிக்கு ஒரு தடையன்று.

ஒரு பக்கத்தைக் கையால் எழுதுங்கள்

அடுத்து, உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள பீ.எச்.பீ. மொழியில் இரண்டே பக்கங்களை எழுதுங்கள். ஒன்று, தரவுத்தளத்திலிருந்து ஆக்கங்களை எடுத்துப் பட்டியலிடும் பக்கம். மற்றொன்று, புதிய ஆக்கத்தைச் சேர்க்கும் படிவம். இது அழகாக இருக்க வேண்டியதில்லை. மேலோடி ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது, சேவையகம் செய்நிரலை இயக்குகிறது, செய்நிரல் தரவுத்தளத்தை வினவுகிறது, பெற்ற விடையை எச்.ரி.எம்.எல். ஆக்கித் திருப்பி அனுப்புகிறது. இந்தச் சுற்றை ஒருமுறை உங்கள் கையால் ஓட்டிப் பார்ப்பதே நோக்கம்.

பின்னர் ஒரு சோதனை செய்யுங்கள். எழுதியவர் பெயரை ஆங்கிலத்தில் இடும்போது டி'சில்வா என இடையில் ஒற்றை மேற்கோற் குறி வருமாறு தட்டெழுதி அனுப்புங்கள். எஸ்.கியூ.எல். கூற்றினுள் பெயரை நேரடியாக ஒட்டி எழுதியிருந்தால் உங்கள் செய்நிரல் அந்த இடத்தில் விழுந்துவிடும். பெயரின் நடுவிலுள்ள குறியைத் தரவுத்தளம் 'பெயர் இங்கே முடிந்தது' என விளங்கிக்கொண்டு, மிகுதியைக் கட்டளையாக வாசிக்க முயல்வதே காரணம். ஓர் அப்பாவிப் பெயரே இப்படிக் குழப்புமாயின், வேண்டுமென்றே ஒரு கட்டளையை அந்தப் பெட்டிக்குள் எழுதி அனுப்புபவர் என்னவெல்லாம் செய்யலாம்? எஸ்.கியூ.எல். உட்புகுத்தல் என்ற தாக்குதல் இதுவே. இதை இவ்வாறு ஒருமுறை கண்டவர் பாதுகாப்புப் பற்றிய வினாவுக்கு வரைவிலக்கணத்தோடு நின்றுவிட மாட்டார்.

பத்திரிகை அலுவலகத்தில் பிறந்த சட்டகம்

இப்போது சட்டகத்துக்கு வருவோம். பைதன் மொழியை ஏற்கெனவே கற்கும் உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஜாங்கோ. இதன் பிறப்பும் நமது சுவர்ப் பத்திரிகைக்குப் பொருத்தமானதே. ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லோரன்ஸ் என்ற நகரிலுள்ள ஒரு செய்தித்தாளின் இணையப் பிரிவில், 2003 ஆம் ஆண்டில் அட்ரியன் ஹொலொவாற்றி, சைமன் வில்லிசன் ஆகிய இருவர் இதை உருவாக்கத் தொடங்கினர். செய்தி அறையில் அவகாசம் குறைவு. காலையில் கேட்கும் பக்கம் மாலையில் வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே வேலையை மீண்டும் செய்வதற்கு நேரமில்லை. ஆகவே திரும்பத் திரும்ப வரும் வேலைகளைப் பொதுவான பகுதியாகப் பிரித்தெடுத்தனர். அது 2005 ஜூலையில் எவரும் இலவசமாகப் பயன்படுத்தத்தக்க திறந்த மூலச் சட்டகமாக வெளியிடப்பட்டது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கித்தார் இசைக் கலைஞரின் பெயரே அதற்கு இடப்பட்டது.

கலைப் பிரிவு மாணவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு வார்த்தை. 'இதெல்லாம் கணிதப் பிரிவுப் பிள்ளைகளின் வேலை' என்று ஒதுங்காதீர்கள். ஹொலொவாற்றி பல்கலைக்கழகத்தில் கற்றது இதழியல். இதை எழுதும் நானும் ஒரு கலைப் பட்டதாரியே. எது எதனோடு தொடர்புடையது, எதை எப்பெயரால் அழைப்பது என்று தெளிவாகச் சிந்திப்பதே இந்த வேலையின் பெரும்பகுதி. வரலாறும் இலக்கணமும் கற்ற உங்களுக்கு அது புதிதன்று.

ஜாங்கோவில் வேலை மூன்று பகுதிகளாகப் பிரிகிறது. தரவின் அமைப்பைச் சொல்வது மாதிரியுரு. வேண்டுகோளைப் பெற்று எதைக் கொடுப்பது எனத் தீர்மானிப்பது காட்சி. எப்படித் தோன்ற வேண்டும் என்பதைச் சொல்வது வார்ப்புரு. எந்த முகவரிக்கு எந்தக் காட்சி என்பதைத் தனியான ஒரு பட்டியல் சொல்கிறது. இப்படிப் பிரித்தெழுதும் எண்ணம் பழையது. 1979 இல் நோர்வே நாட்டவரான ட்ரிக்வே ரீன்ஸ்கோக் சீரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் இருந்தபோது முன்வைத்த மாதிரியுரு–காட்சி–கட்டுப்படுத்தி என்ற அமைப்பின் வழிவந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கு கட்டுப்படுத்தி செய்யும் வேலையில் பெரும்பகுதியை ஜாங்கோவில் 'காட்சி' என்ற பெயருடையதே செய்கிறது. பெயரை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்.

சட்டகம் உங்களுக்குப் பதிலாகச் செய்பவை

நீங்கள் பைதனில் 'ஆக்கம்' என்றொரு வகுப்பை எழுதி, தலைப்பு, உள்ளடக்கம், திகதி எனப் புலங்களைச் சொல்கிறீர்கள். ஜாங்கோ அதிலிருந்து அட்டவணையைத் தானே உருவாக்குகிறது. முதன்மைச் சாவியை நீங்கள் குறிப்பிடாவிட்டால் இலக்கமிடும் புலம் ஒன்றைத் தானே சேர்க்கிறது. பலவுக்குப் பல உறவு என்று ஒரு வரியில் சொன்னால், நீங்கள் தாளில் கீறிய அந்த மூன்றாவது அட்டவணையைச் சத்தமின்றி அமைத்துவிடுகிறது. தாளில் கீறியவருக்கு இது உதவி. கீறாதவருக்கு இது மாயவித்தை. மாயவித்தை பார்த்தவரால் பரீட்சையில் விளக்கம் எழுத முடியாது.

டி'சில்வாவை மீண்டும் அனுப்பிப் பாருங்கள். இம்முறை செய்நிரல் விழாது. பெறுமானத்தைக் கட்டளையோடு ஒட்டாமல் தனியாக அனுப்புவதால் தரவு தரவாகவே இருக்கிறது. கருத்துரைப் பெட்டியில் எவரேனும் எச்.ரி.எம்.எல். குறிகளை எழுதினால் வார்ப்புரு அவற்றை இயக்காமல் வெறும் எழுத்தாகவே காட்டுகிறது. படிவத்தில் பாதுகாப்புக் குறி ஒன்றை இட மறந்தால் 403 என்ற பிழையைக் காட்டி மறுக்கிறது. வேறொரு தளம் உங்கள் வாசகரின் பெயரில் கள்ளமாகப் படிவத்தை அனுப்புவதைத் தடுப்பதற்கே அந்தக் குறி. அந்தப் பிழையைக் கண்டு எரிச்சலடையாதீர்கள். ஏன் மறுத்தது என்று தேடுங்கள்.

ஆனால் ஜாங்கோ உங்களுக்குப் பதிலாகச் செய்ய மறுக்கும் ஒன்றும் உண்டு. ஆக்கத்தை எழுத்தாளரோடு அந்நியச் சாவியால் இணைக்கும்போது, அந்த எழுத்தாளரை நீக்கினால் ஆக்கங்களுக்கு என்ன நடக்க வேண்டும் என்பதை நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். 2017 இல் வெளிவந்த 2.0 பதிப்பிலிருந்து இது கட்டாயம். சொல்லாவிட்டால் செய்நிரல் இயங்காது. எழுத்தாளரோடு சேர்த்து ஆக்கங்களையும் அழிக்கலாம். ஆக்கங்கள் உள்ளவரை எழுத்தாளரை நீக்க முடியாதெனத் தடுக்கலாம். அல்லது ஆக்கத்தை வைத்துக்கொண்டு எழுத்தாளர் இடத்தை வெறுமையாக விடலாம்.

எது சரி? ஒரு மாணவி பாடசாலையை விட்டு விலகுகிறாள், அவளது பெயர் பதிவிலிருந்து எடுக்கப்படுகிறது. அவள் எழுதிய கவிதைகளும் போக வேண்டுமா? பெயரில்லாமல் நிற்க வேண்டுமா? அல்லது கவிதை இருக்கும்வரை அவள் பெயரும் இருக்க வேண்டுமா? இந்த வினாவுக்கு எந்தப் புள்ளித்திட்டத்திலும் விடையில்லை. பத்திரிகையை நடத்துபவர்களே பேசித் தீர்மானிக்க வேண்டும். 'தொடர்பு ஒருமைப்பாடு' எனக் கொப்பியில் எழுதிய சொல்லுக்குப் பின்னால் இப்படி ஒரு மனிதர் நிற்கிறார் என்பதைக் கட்டிப் பார்க்கும்போதுதான் உணர்கிறோம்.

தமிழில் எழுதும்போது

நமது பத்திரிகை தமிழில் அல்லவா வரும்? இங்கே தரவுகளைப் பிரதிநிதித்துவம் செய்தல் என்ற அலகும் வந்து சேர்கிறது. தலைப்புக்கு நீங்கள் 100 என நீள எல்லை கொடுத்தால் அது 100 தமிழ் எழுத்துக்கள் என எண்ண வேண்டாம். 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. யுனிகோட் முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யூ.ரி.எஃப்.–8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைற்றுக்கள் கொள்வதால் மொத்தம் 15 பைற்றுக்கள். பைதனில் அச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்றே விடை வரும். செய்து பாருங்கள்.

இன்னொன்று. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய ஆக்கத்தை அப்படியே ஒட்டினால், தரவுத்தளத்தில் சேர்வது தமிழன்று. ஆங்கில எழுத்துக்களின் வரிசையே. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது குழம்பிய எழுத்தாகத் தெரியும். தமிழ்ச் சொல்லால் தேடினாலும் கிடைக்காது. முதலில் யுனிகோட்டுக்கு மாற்றியே சேமிக்க வேண்டும்.

"இது பரீட்சைக்கு வருமா, சேர்?"

இக்கேள்வியை நான் வெறுப்பதில்லை. உங்கள் எதிர்காலம் அந்தப் பெறுபேற்றில் தங்கியிருக்கிறது என்பதை அறிவேன். ஜாங்கோ என்ற பெயரில் வினா வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உறவுகள், சாவிகள், வினவல்கள், வகுப்புகள், படிவங்கள், சேவையகம், யுனிகோட் என எல்லாம் வரும். அவை ஒவ்வொன்றையும் ஒரு தேவைக்காகப் பயன்படுத்தியவர், வினாவைச் சற்று மாற்றிக் கேட்டாலும் தடுமாற மாட்டார். மனனம் செய்தவருக்கோ வினாவின் முகம் மாறினால் விடையும் மறைந்துவிடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இதுதான்.

நேரம் பற்றிய அச்சமும் நியாயமானதே. ரூபி ஒன் ரெயில்ஸ் என்ற மற்றொரு சட்டகத்தை உருவாக்கிய டென்மார்க் நாட்டவரான டேவிட் ஹைனமயர் ஹான்சன், 15 நிமிடங்களில் ஒரு வலைப்பதிவைக் கட்டிக் காட்டும் ஒளிப்பதிவை 2005 இல் வெளியிட்டார். அது பலரைக் கவர்ந்தது. ஆனால் அந்த 15 நிமிடங்கள் அதைச் செய்யத் தெரிந்தவருடையவை. உங்களுக்குச் சில வாரங்கள் செல்லலாம். அதனால் வெட்கப்பட வேண்டியதில்லை. 12 ஆம் தரத்தின் விடுமுறையில் தொடங்குங்கள். பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கையில் தொடங்க வேண்டாம்.

இன்று மற்றொரு கேள்வியும் எழுகிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் முழுச் செய்நிரலையும் சில நிமிடங்களில் எழுதித் தருகிறதே, நான் ஏன் மெனக்கெட வேண்டும்? கேட்டுப் பாருங்கள், தடையில்லை. அது தந்ததில் எழுத்தாளரை நீக்கினால் கவிதைக்கு என்ன நடக்கும் என எழுதப்பட்டிருக்கிறது, பெயர் கட்டளையோடு ஒட்டப்பட்டிருக்கிறதா என்பதை உங்களால் வாசித்துச் சொல்ல முடிந்தால் அக்கருவி உங்களுக்கு வேலையாள். முடியாவிட்டால் நீங்கள் அதன் வேலையாள். பரீட்சை மண்டபத்துக்குள் அது உங்களோடு வரப்போவதுமில்லை.

கணினி வசதி இல்லாதவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து பாடசாலைக் கணினிக்கூடத்தைக் கேளுங்கள். பைதனையும் ஜாங்கோவையும் ஒருமுறை நிறுவிய பின் இணைய இணைப்புத் தேவையில்லை. தரவுத்தளத்துக்கு எஸ்கியூலைற் போதும்; முழுத் தரவும் ஒரே கோப்பில் இருக்கும். செயலி அதே கணினியிலேயே 127.0.0.1 என்ற முகவரியில், 8000 என்ற துறையில் இயங்கும். அந்த முகவரி ஏன் வெளியே போகாமல் உங்கள் கணினிக்கே திரும்புகிறது என்பதை வலையமைப்பு அலகில் தேடிப் படியுங்கள். ஐந்தாவது கொப்பியும் வந்து சேர்ந்துவிடும்.

செய்ய வேண்டியவை

1. தாளில் அட்டவணைகளையும் உறவுகளையும் கீறுக.
2. பீ.எச்.பீ. இல் பட்டியற் பக்கத்தையும் படிவத்தையும் எழுதுக. டி'சில்வாவை அனுப்பிப் பார்க்க.
3. அதனையே ஜாங்கோவில் கட்டுக.
4. சட்டகம் தானாகச் செய்த ஒவ்வொன்றையும் ஒரு பக்கத்தில் குறித்து, உரிய அலகின் பெயரை எதிரே எழுதுக.
5. உங்கள் சொந்த ஆக்கம் ஒன்றை அதில் முதலாவதாக இடுக.

மாணவர்களே, நான்காவதாகச் சொன்ன அந்த ஒரு பக்கம் எந்த ஆசிரியரும் உங்களுக்கு எழுதித் தர முடியாத குறிப்பு. அதை எழுதி முடித்த பின், இது எந்த அலகில் வருகிறது என்று நீங்கள் எவரிடமும் கேட்கத் தேவையிராது.